டாக்குக்கு வாஸ்து பார்த்த கதை

1. கமிட்டியில் முதல் நாள்

எங்கள் எம்.டி. 'டாக் லேஅவுட் கமிட்டி' என்று ஒன்றை ஆரம்பித்து, என்னையும் அதில் ஓர் உறுப்பினராகப் போட்ட அன்று, சப்போர்ட் டேபிளில் இருந்த எனக்கு டீயோடு பிஸ்கட்டும் வந்தது. அதற்கு முன் டீ மட்டும்தான் வரும். பிஸ்கட்டைப் பார்த்ததும் நான் உஷாராகியிருக்க வேண்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கருத்தை யாராவது உபசாரத்தோடு கேட்டால், அதைக் கேட்டுக்கொள்ளப் போவதில்லை என்று பொருள்.

எங்கள் ஆபீஸ் செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சென்னையில் பெரிய கம்பெனிகள் கழித்துக் கட்டும் கம்ப்யூட்டர்களை மொத்தமாக வாங்கி வருவோம். தூசி தட்டி, ரேம் மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டு, அதன்மேல் எங்கள் லோகோவை ஒட்டுவோம். அந்த மெஷின்கள் வல்லம், தளவானூர், பனமலை என்று சுற்றுவட்டாரத்தில் நாங்களே நடத்தும் ஆன்லைன் சென்டர்களுக்குப் போகும். ஒவ்வொரு சென்டரிலும் ஓர் ஆபரேட்டர், பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண். சாதிச் சான்றிதழ், பட்டா, கரண்ட் பில், காலேஜ் விண்ணப்பம் என்று ஜனங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். ஆபரேட்டர்களுக்கு ஏதாவது சிக்கல் என்றால் போனில் பேசியே சரிசெய்வதும், பேச்சுக்கு மசியாவிட்டால் பஸ் ஏறிப் போவதும் என் வேலை.

டாக் என்றால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையின் ஏதாவது ஓர் ஓரத்தில் பிரவுசர், பிரிண்டர், ஸ்கேனர் என்று அடிக்கடி தேவைப்படுகிற படங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்குமே, அந்தப் பட்டைதான் டாக். அடுப்புக்குப் பக்கத்தில் உப்பு டப்பா, மிளகாய்த்தூள் டப்பா வைக்கும் தட்டு மாதிரி. அதை எந்த ஓரத்தில் வைப்பது, படங்கள் எவ்வளவு பெரிதாக இருப்பது, எப்போதும் கண்ணில் படுவதா அல்லது ஒளிந்துகொண்டு மவுஸ் ஓரத்தைத் தொட்டால் மட்டும் எட்டிப் பார்ப்பதா என்பதெல்லாம் செட்டிங்ஸ். மெஷின் நம் கையை விட்டுப் போகும்போது என்ன செட்டிங்ஸோடு போகிறதோ அதற்குப் பெயர் டிஃபால்ட். தெரிந்தவர்கள் மாற்றிக்கொள்வார்கள். தெரியாதவர்கள் அதோடு குடித்தனம் பண்ணுவார்கள். எனவே தெரியாதவர்களை மனதில் வைத்துத்தான் டிஃபால்ட்டை முடிவு செய்ய வேண்டும். இதில் இருக்கும் ஞானம் இவ்வளவுதான். இதற்கு ஒரு கமிட்டி தேவையே இல்லை.

கமிட்டியில் மூன்று பேர். முதலாவது எம்.டி. முன்பு மணிலா, அதாவது வேர்க்கடலை, கமிஷன் மண்டி வைத்திருந்தவர். 'எம்.டி. சார்' என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார். கம்ப்யூட்டரில் அவருக்குத் தெரிந்தது, ஆன் பண்ணிவிட்டு வீடியோ பார்ப்பது. இரண்டாவது அவருடைய மாப்பிள்ளை பிரசன்னா. பெங்களூரில் டிசைன் வேலை பார்த்து, அங்கே என்ன ஆயிற்றோ, மாமனார் கம்பெனியில் 'ஹெட் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று ஒரு பதவியை உண்டாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். என் சர்வீஸ் அளவுக்குக்கூட அவர் வயது இருக்காது. வந்த அன்றே என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டார். மூன்றாவது நான்.

"டாக் கீழ இருக்குது மாமா. பாக்கவே பழசா இருக்கு," என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை. "டாக்னு ஒண்ணு இருக்கிறதே தெரியக்கூடாது. ஸ்க்ரீன் க்ளீனா இருக்கணும். ஆட்டோ ஹைட் போட்டுடலாம். ஐகான்லாம் சின்னதா, லைட் க்ரே கலர்ல வச்சிடலாம்."

"இருக்கிறதே தெரியக்கூடாதுன்னா அத எதுக்கு வைக்கணும்?" என்று கேட்டேன்.

"ஆன்ட்டி, நீங்க ஓல்ட் ஸ்கூல்," என்று சிரித்தார்.

நான் எம்.டி.யைப் பார்த்துச் சொன்னேன். "சார், ஆபரேட்டர் பொண்ணுங்களுக்கு நான் போன்லதான் சொல்லித் தரேன். கீழ மூணாவது படத்தத் தொடும்மா, அதுக்குப் பக்கத்துல இருக்கிறதத் தொடும்மான்னு சொன்னாத்தான் வேல ஓடுது. படம் கண்ணுக்குத் தெரியணும், பெருசா இருக்கணும், கீழ தமிழ்ல பேர் இருக்கணும். அது போதும். இப்ப இருக்கிற மாதிரியே கீழ நடுவுல இருக்கட்டும்."

எம்.டி. இரண்டு பக்கமும் தலையாட்டினார். மண்டியில் விற்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் சேர்த்துத் தலையாட்டிப் பழகியவர்.

"மேடம் சொல்றதும் கரெக்ட்டு, மாப்ள சொல்றதும் கரெக்ட்டு. ஆனா எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது. வாஸ்து பாத்துடலாம்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

2. திரையில் வடக்கு எது?

வாஸ்து நிபுணர் மறுநாளே வந்தார். வீடு, கிணறு, மாட்டுக் கொட்டகை எல்லாம் பார்த்த மனிதர். கம்ப்யூட்டர் திரைக்கு வாஸ்து பார்ப்பது அவருக்கும் அதுதான் முதல் தடவை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் கூப்பிட்டவர் எம்.டி. ஆயிற்றே. பையிலிருந்து காம்பஸை எடுத்து மானிட்டருக்கு முன்னால் நீட்டினார். முள் ஆடி நின்றது. பிறகு அன்றைய கூட்டத்தில் வந்த ஒரே நேர்மையான கேள்வியை அவர்தான் கேட்டார்.

"இதுல வடக்கு எதுங்க?"

"மேப்ல மேலதான நார்த்?" என்றார் மாப்பிள்ளை.

"மேப்பு வேற, மனை வேற தம்பி. ஒக்காந்து வேல பாக்கிறவரு எந்தத் திசையப் பாத்து ஒக்காந்திருக்காரோ, அந்தத் திசதான் மேல."

எம்.டி. எப்போதும் கிழக்கே பார்த்துத்தான் உட்காருவார். அவருடைய ரூமே அதற்காக இடித்துக் கட்டப்பட்டது. ஆகவே திரையின் மேல்பக்கம் கிழக்கு என்றும், வலது பக்கம் தெற்கு என்றும், கீழ்ப்பக்கம் மேற்கு என்றும் தீர்மானம் ஆனது. பத்து ஊரில் பத்து ஆபரேட்டர்கள் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. உலகமே எம்.டி. நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைப்பு.

"தெக்குலயும் மேற்குலயும் பாரம் இருக்கணும். ஈசானியம், அதாவது வடகிழக்கு, காலியா இருக்கணும்," என்றார் நிபுணர். "அப்ப அந்தப் பட்டைய வலது பக்கம் நிறுத்திடுங்க. தென்மேற்கு, அதாவது வலது கீழ் மூல, அது கன்னிமூல. இருக்கிறதிலயே பாரமானத அங்க வைங்க. எது பாரம்?"

இந்தக் கேள்விக்கு எம்.டி. உண்மையிலேயே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"பவர் பட்டன்தான். அத அமுக்கினா மொத்தமும் பூடுது இல்ல? அதவிட வெயிட்டு இன்னா இருக்குது?"

நிபுணர் ஆமோதித்தார். இப்படியாக, மெஷினை அணைக்கிற பட்டன் திரையின் வலது கீழ் மூலைக்குக் குடிபோனது.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன். நீளமான பக்கத்தைக் கீழே இறக்குவதற்கு, திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு கம்பி இருக்கும். ஸ்க்ரோல் பார். அதன் அடியில் ஓர் அம்புக்குறி இருக்கும், வலது கீழ் மூலையில். அதை அமுக்க அமுக்கப் பக்கம் கீழே இறங்கும். மவுஸில் உருட்டுகிற வீல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ரோட்டோரக் கடையில், லாரி கிளப்பும் புழுதியில் முதலில் சாவது அந்த வீல்தான். கீபோர்டில் அம்புக்குறி கீ இருக்கிறதே என்றால், அது அதைவிட மோசம். மாவட்டம், சமூகம் என்று ஒரு பட்டியல் திறந்திருக்கும்போது அந்தக் கீயைத் தட்டினால் பக்கம் நகராமல் பட்டியல் நகரும். ஓர் ஆபரேட்டர் அப்படித் தட்டி, ஒரு பையனுடைய சாதியே மாறி விண்ணப்பம் போய்விட்டது. அதிலிருந்து எல்லாருக்கும் நானே சொல்லி வைத்திருந்தேன். கீயைத் தொடாதே, ஸ்க்ரோல் பாரைப் பிடி.

இப்போது அதே வலது ஓரத்தில் ஒளிந்து நிற்கும் டாக். மவுஸ் ஓரத்துக்குப் போனதும் அது வெளியே வந்து ஸ்க்ரோல் பாரை மூடிக்கொள்ளும். கீழ் அம்புக்குறி இருந்த இடத்தில் பவர் பட்டன் நிற்கும்.

இதை அப்படியே கமிட்டியில் சொன்னேன். மாப்பிள்ளை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யாரு ஆன்ட்டி இப்பல்லாம் ஸ்க்ரோல் பார் யூஸ் பண்றாங்க? ரெண்டு வெரல வச்சித் தள்ளினா போவுது," என்று தன் லேப்டாப்பில் தள்ளிக் காட்டினார். அந்த லேப்டாப்பில் எங்கள் சிஸ்டமே இல்லை. வேறு ஏதோ விலையுயர்ந்த கம்பெனியுடையது.

"அப்ப பவர் பட்டன அமுக்கினா, 'நிச்சயமா அணைக்கவா'ன்னு ஒரு கேள்வியாச்சும் கேக்கட்டும்."

"அதையும் எடுத்துட்டேன் ஆன்ட்டி. யூசர நம்பணும்."

யூசரை எவ்வளவு நம்பினார்கள் என்பது அடுத்த நிமிஷமே தெரிந்தது. "அந்தப் பொண்ணுங்க கண்டதையும் நோண்டி மாத்திடப்போவுதுங்க. செட்டிங்ஸ லாக் பண்ணிடுங்க," என்றார் எம்.டி. மாப்பிள்ளை லாக் பண்ணினார். பாஸ்வேர்டு அவர்கள் இரண்டு பேரிடம் மட்டும். சப்போர்ட் பார்க்கிற எனக்குக்கூட இல்லை.

3. வல்லத்திலிருந்து போன்

புதிய செட்டிங்ஸ் நெட் வழியாக எல்லா சென்டருக்கும் போயிற்று. நீளமான ஃபாரம் அதிகம் வராத நேரம், சில நாள் சத்தமில்லை. பிறகு ஒரு காலேஜ் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்தது. காலையிலேயே எழிலரசியிடமிருந்து போன்.

எழிலரசி வல்லம் சென்டர் ஆபரேட்டர். பி.ஏ. தமிழ் படித்த பெண். பிள்ளை அடுத்த தெரு பால்வாடியில் இருந்தது. மத்தியானம் ஒரு நடை போய்ச் சோறு ஊட்டிவிட்டு வருவாள். இந்த வேலை போனால் அவளுக்கு மிச்சம் ஷூ கம்பெனிதான். அந்த வண்டி விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு போய் இருட்டிய பிறகுதான் கொண்டுவந்து விடும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் கிடையாது. பிரிண்டர் ஓடி முடிகிற நேரத்தில் போனில் அவளே சொன்ன விஷயங்கள் இவை.

"மேடம், மெஷின் தானா ஆஃப் ஆவுது மேடம்."

"கரண்ட் போச்சா?"

"கரண்ட்லாம் இருக்குது மேடம். ஃபேன் ஓடிக்கினு இருக்குது. ஃபாரம் பாதி போட்டு கீழ எறங்கறதுக்குள்ள டப்புனு அணைஞ்சி பூடுது. திரும்ப மொதல்லர்ந்து அடிக்கிறேன், மறுபடியும் அணையுது. இங்க ஒரே கூட்டமா இருக்குது மேடம்."

பின்னால் ஓர் ஆண் குரல் கேட்டது. "இன்னாம்மா நீ, கம்ப்யூட்டரே தெரியாமதான் இங்க வந்து ஒக்காந்துகினு இருக்கியா? எம் பொண்ணு வாழ்க்கையில வெளயாடுறியா? ஒன்ன யாரு வேலைக்கி வச்சது?"

"யாரும்மா அது?"

"பழைய பஞ்சாயத்து பிரசிடெண்ட்டு மேடம்," என்றாள்.

நான் திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்து வல்லத்தில் இறங்கினேன். சென்டர் வாசலில் ஜனம் தெருவரைக்கும் நின்றது. பழைய பிரசிடெண்ட் அதற்குள் மகளை பைக்கில் ஏற்றிக்கொண்டு செஞ்சிக்குப் போய்விட்டிருந்தார். அங்கே வேறொரு கடையில் மகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, நேராக எங்கள் எம்.டி. ரூமுக்குப் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. போவதற்கு முன் அவர் போட்ட சத்தத்தைத் தெருவே கேட்டிருக்கிறது. எழிலரசி முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்து கிடந்தது.

"செய்யி, நான் பாக்கிறேன்," என்றேன்.

ஒரு பெண்ணுடைய பெயர், அப்பா பெயர், மதிப்பெண் எல்லாம் வேகமாக அடித்தாள். பிழை இல்லை. பிறகு நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே மவுஸை வலது ஓரத்துக்குக் கொண்டுபோனாள். கீழ் அம்புக்குறியை அமுக்கினாள். அமுக்குகிற அந்த நொடியில் ஓரத்திலிருந்து டாக் எட்டிப் பார்த்தது. அம்புக்குறி இருந்த இடத்தில் பவர் பட்டன். திரை இருண்டது. வெளிர் சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு பட்டன் வந்ததையே அவள் பார்க்கவில்லை. க்ளீனாக இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாப்பிள்ளை எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. மெஷினை மறுபடி போட்டு, பிரவுசர் சன்னலை வலது பக்கம் கொஞ்சம் சுருக்கி நிறுத்தினேன். ஸ்க்ரோல் பார் ஓரத்தை விட்டு உள்ளே வந்தது. அதன் பிறகு ஒரு முறைகூட அணையவில்லை. சாயங்காலத்துக்குள் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் விண்ணப்பம் போட்டு முடித்தாள்.

4. எம்.டி. ரூமில்

மறுநாள் காலை எம்.டி. கூப்பிட்டனுப்பினார். மாப்பிள்ளையும் இருந்தார்.

"அந்த வல்லம் பொண்ண நிறுத்திடுங்க மேடம். பழைய பிரசிடெண்ட்டு வந்து மானத்த வாங்கிட்டாரு. கம்ப்யூட்டர ஆன் பண்ணத் தெரியல, ஆஃப் பண்ண மட்டும் தெரியுதுன்றாரு."

நடந்ததை விளக்கினேன். பேப்பரில் படம் போட்டே காட்டினேன். இங்கே ஸ்க்ரோல் பார், இதன்மேல் டாக், இதன்மேல் பட்டன். எம்.டி. படத்தைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"மத்த சென்டர்ல யாரும் சொல்லலியே?"

"தளவானூர் பொண்ணு சன்னலச் சுருக்கி வச்சி ஓட்டிக்கினு இருக்குது. இன்னிக்குதான் போன் பண்ணிக் கேட்டேன். சொன்னா திட்டுவீங்கன்னு யாரும் சொல்லல. இவ சொன்னா, மாட்டிக்கினா."

"அப்ப அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சது இந்தப் பொண்ணுக்குத் தெரியல. நான் சொல்றதும் அதானே?" என்று வெற்றிப் பெருமிதத்தோடு நாற்காலியில் சாய்ந்தார்.

மாப்பிள்ளை உதவிக்கு வந்தார். "இது யூசர் ட்ரெய்னிங் இஷ்யூ மாமா. டிசைன் பக்கம் ப்ராப்ளம் இல்ல."

அப்போதுதான் எம்.டி. டேபிளில் இருந்த திரை என் கண்ணில் பட்டது. டாக் கீழே நடுவில் இருந்தது. படங்கள் லட்டு அளவுக்கு இருந்தன. ஒளியவில்லை, நன்றாகக் கண் முன்னால் நின்றது.

"சார், உங்க மெஷின்ல டாக் கீழ இருக்குதே?"

"அதுவா? அந்தப் புதுசு எனக்குக் கண்ணுக்கே தெரியல மேடம். அமுக்கினா வேற என்னமோ ஆவுது. மாப்ளதான் லாக்க எடுத்துட்டுப் பழையபடி வச்சிக் குடுத்தாரு."

"அப்ப வாஸ்து?"

"இந்த ரூமே வாஸ்துப்படி கட்டினது. அதனால இங்க பரவால்ல."

இதை அவர் சிரிக்காமல் சொன்னார். மாப்பிள்ளையும் சிரிக்கவில்லை. தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் டாக்கை மாற்ற வேண்டும். வல்லத்துப் பெண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பெண்ணை மாற்ற வேண்டும். இவ்வளவு பெரிய நியாயம் அந்தச் சின்ன ரூமில் எப்படி அடங்கியது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

இனி ஸ்க்ரோல் பாரைப் பற்றி இவர்களிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்கு உறைத்தது. நான் பேசியது எதுவுமே அவர்கள் காதில் ஏறவில்லை. ஏறுகிற பேச்சு எது என்று யோசித்தேன். ஒன்று கிடைத்தது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனால் ஷூ கம்பெனி வண்டி ஞாபகம் வந்தது.

"சரி சார், நிறுத்திடலாம். ஆனா ஒண்ணு கேக்கணும். வல்லம் சென்டர் வாசல் மேற்கப் பாத்து இருக்குது. எழிலரசி வாசலப் பாத்துதான் ஒக்காருது. நிபுணர் சொன்ன கணக்குப்படி, மேற்கப் பாத்து ஒக்காந்தா அவ வலது கை வடக்கு. திரைக்குக் கீழ் பக்கம் கிழக்கு. அப்ப வலது கீழ் மூல எது சார்?"

எம்.டி. விரலை மடக்கினார். நாற்காலியிலிருந்து எழுந்து மேற்கே பார்த்துத் திரும்பி நின்றார். வலது கையை நீட்டினார். பிறகு நீட்டிய கையை அப்படியே கீழே இறக்கினார். முகம் வெளிறிப்போனது.

"ஈசானியம்," என்றார். "ஐயையோ. ஈசானியத்துல பாரத்த வச்சிட்டமே!"

"அதான் சார் நானும் பாக்கிறேன்."

"எத்தன சென்டரு மேற்கப் பாத்து இருக்குது?"

"பாதிக்கு மேல."

வாஸ்து நிபுணருக்கு உடனே போன் போட்டார், ஸ்பீக்கரில். நிபுணர் திசையை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "கிழக்கப் பாத்துதான் சொன்னேன், மேற்குன்னா அது ஆவாதுங்க," என்றார். எல்லா டேபிளையும் கிழக்கே திருப்பிவிடலாமா என்று எம்.டி. கேட்டார். திருப்பினால் ஆபரேட்டர் வாசலுக்கு முதுகைக் காட்டுவாள், வருகிறவன் போகிறவனெல்லாம் திரையைப் பார்ப்பான் என்றேன். அப்படியானால் எந்தத் திசைக்கும் ஒத்துப்போகிற இடம் எது என்று போனைப் பார்த்துக் கெஞ்சினார். நிபுணர் தயங்கினார். அவரும் பாவம், எப்படியாவது இதிலிருந்து கழன்றுகொள்ளத்தான் பார்த்தார்.

"ஐயா, மூலையே வேணாமே?" என்று நான் குறுக்கே பேசினேன். "கீழ நடுவுல வச்சிட்டா எந்தப் பக்கம் பாத்து ஒக்காந்தாலும் எந்த மூலையும் கெடாதுல்ல?"

"கெடாதும்மா, கெடாது. தாராளமா வைங்க," என்றார், அவசர அவசரமாக.

"ஒளிஞ்சிக்கினு இருந்தா தோஷம் உண்டுங்களா?"

"ஒளியறது எதுவுமே நல்லதில்லம்மா."

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். எம்.டி. கையைக் காட்டி அடக்கினார். மத்தியானத்துக்குள் எல்லா சென்டருக்கும் டாக் கீழே, நடுவில், பெரிய படங்களோடு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி போய்ச் சேர்ந்தது. ஜனங்களுக்கு வேலை நடக்கவில்லை என்று சொன்னபோது அசையாத மனிதர், மூலை கெட்டது என்று சொன்னதும் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து மாற்ற வைத்தார். ஆபரேட்டர்கள் வாட்ஸாப் குழுவில், 'எம்.டி. அவர்களின் வழிகாட்டுதலில் மேம்படுத்தப்பட்ட புதிய வடிவமைப்பு' என்று ஒரு செய்தி வந்தது. மாப்பிள்ளை அதற்கு முதல் ஆளாகக் கை தட்டினார்.

5. வல்லம் வாசலில்

அதற்குப் பிறகு எழிலரசியை நிறுத்துகிற பேச்சே எழவில்லை; வேலை தப்பித்தது. அதை நேரில் சொல்லலாம் என்று மறுநாள் வல்லத்துக்குப் போனேன். பால்வாடியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

"அப்ப எம் மேல தப்பு இல்லன்னு ஒத்துக்கினாங்களா மேடம்?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"இல்லம்மா. நீ மேற்கப் பாத்து ஒக்காந்ததுதான் காரணம்னு முடிவாயிருக்குது."

அவள் என்னையே பார்த்தாள். சிரிப்பா, அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு முகம்.

"ஊர்ல போறவன் வரவன்லாம் 'கம்ப்யூட்டரு தெரியாத பொண்ணு'ன்றான் மேடம். நேத்து ரெண்டு பேரு வாசல் வரைக்கும் வந்துட்டு, 'இது வாணாம், செஞ்சிக்கே போயிடலாம்'னு திரும்பிப் போறாங்க. வீட்லயும் கேக்கறாங்க. அவங்ககிட்டல்லாம் இன்னான்னு சொல்றது? மேற்கப் பாத்து ஒக்காந்துட்டேன்னு சொல்றதா?"

வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஜம்பமாகப் பஸ் ஏறி வந்த எனக்கு, அந்தக் கேள்வி செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. முட்டாள்தனத்தை இன்னொரு முட்டாள்தனத்தால் ஜெயித்தால், ஜெயித்த பிறகும் முட்டாள்தனம்தான் மிஞ்சுகிறது. அதற்கான விலையை இவள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எதிர் டீக்கடையில் பழைய பிரசிடெண்ட் நாலு பேரோடு உட்கார்ந்திருந்தார். சென்டர் வாசலிலும் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நான் படியில் இறங்கி நின்று, அவர் காதில் விழுகிற மாதிரி கூப்பிட்டேன்.

"பிரசிடெண்ட்டு சார், கொஞ்சம் கேளுங்க. நான் செஞ்சி ஆபீஸ்லர்ந்து வரேன். அன்னிக்கு உங்க பொண்ணு ஃபாரம் போட்டப்ப மெஷின் அணைஞ்சது இந்தப் பொண்ணால இல்ல. மெஷின அணைக்கிற பட்டன, கையி தானா போய் அமுக்குற எடத்துல கொண்டாந்து வச்சது எங்க ஆபீஸு. வேணாம்னு சொல்லச் சொல்ல வச்சாங்க. உள்ள ஒக்காந்து அத மாத்த முடியாதபடி பூட்டும் போட்டாங்க. இந்தப் பொண்ணு அடிச்ச ஃபாரத்துல ஒரு எழுத்து தப்பு கெடையாது. நானே பக்கத்துல நின்னு பாத்தேன்."

பிரசிடெண்ட் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்ப இந்தப் பொண்ணு மேல தப்பில்லன்றியா?"

"துளி இல்ல."

"எனக்கு இன்னாம்மா தெரியும்? அன்னிக்கு எம் பொண்ணு அழுதுச்சி, நான் கத்துனேன்," என்று முணுமுணுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த வாயில் பழக்கமில்லை போலும். ஆனால் நாலு பேருக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அது போதுமானதாக இல்லை. எழிலரசிக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளேயிருந்து, "அடுத்தது யாரு, வாங்க," என்று அவள் குரல் கேட்டது. நன்றாக, தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

நான் பேசியது அன்று சாயங்காலமே எம்.டி.க்குப் போய்விட்டது. 'கம்பெனியின் பெயரைக் கெடுத்ததற்கு' விளக்கம் கேட்டார்கள். நடந்ததைத்தான் சொன்னேன் என்று ஒரே வரியில் பதில் கொடுத்தேன். அதன் பிறகு நான் ரிட்டயர் ஆகும்வரை எந்தக் கமிட்டியிலும் என்னைப் போடவில்லை. சர்வீஸில் எனக்குக் கிடைத்த பெரிய சலுகை அதுதான். எழிலரசி இன்னும் வல்லத்தில்தான் இருக்கிறாள். மேற்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போது சின்னச் சின்னக் கம்பெனிகளிலிருந்து பிள்ளைகள் சில சமயம் போன் பண்ணி, மேடம், எங்கள் சிஸ்டத்தில் டிஃபால்ட்டாக எதை வைக்கலாம், இடமா, வலமா, ஒளிவதா, தெரிவதா என்று யோசனை கேட்கிறார்கள். எது அழகு, எது புதுசு என்று நீளமாகப் பேசுகிறார்கள். நான் முழுவதும் கேட்டுக்கொள்கிறேன். பிறகு ஒன்றே ஒன்று கேட்கிறேன். "நீங்க வைக்கப்போறது, இப்ப உங்க மெஷின்ல அப்படியே இருக்குதா?"

இதுவரை ஒருத்தர்கூட ஆமாம் என்று சொன்னதில்லை.